நிலுவையில் ஒரு ‘வர்றேன்’

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்குச் சங்கு ஊதியது.

தீப்பிடித்தால் மட்டும் ஊதவேண்டிய சங்கு. கம்பி சுற்றும் வைண்டிங் பகுதியில் இருந்த அறுபது பெண்களும் செம்புக்கம்பியைப் போட்டது போட்டபடி வாசலுக்கு ஓடினார்கள். புகையைக் காணோம். ஆனால் தொழிற்சாலையில் ஒவ்வோர் இயந்திரமாகத் தானே நின்றுகொண்டு வந்தது. சுவரில் இருந்த பெரிய திரையில் சிவப்பு எழுத்துகள் எரிந்தன.

நிலுவையில் உள்ள வாக்குகள்: 10,000. வரம்பு எட்டப்பட்டது. உற்பத்தி நிறுத்தப்படுகிறது.

“யாருங்க வாக்குக் குடுத்தது?” என்று வாட்ச்மேன் வேலுச்சாமி பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார். “எலெக்சன் வருதா?”

தனபாக்கியம் பம்ப்ஸ் கோயம்புத்தூருக்கு வெளியே இருந்தது. ஆழ்குழாய்க் கிணறுகளுக்கான மோட்டார் செய்யும் இடம். அங்கே எல்லோர் உடையிலும் ஒரு பேட்ஜ் குத்தியிருக்கும். அந்தப் பேட்ஜுக்குள் இருந்ததுதான் காது. அதன் அசல் பெயர் நீளமானது, யாருக்கும் நினைவில்லை. யார் யாரிடம் எதைச் செய்வதாகச் சொன்னாலும் காது கேட்டுக்கொள்ளும். அதை ஒரு வேலையாகக் குறித்துவைத்து, முடிகிற வரை நினைவூட்டும். ‘ரெண்டு மணிக்குள்ள பேரிங் அனுப்பறேன்’ என்று ஸ்டோர்ஸ்காரர் சொல்லிவிட்டால் ஒன்றே முக்காலுக்கு அவர் பேட்ஜ் அதிரும். ஆறு வருடமாக இந்தத் தொழிற்சாலையில் யாரும் எதையும் மறக்கவில்லை.

சில சங்கடங்களும் இருந்தன. கேன்டீன் சரசு ஒருநாள் போனில் மகனிடம் “சாயங்காலம் ஊட்டுக்கு வர்றேன், வந்து உன்னக் கொன்னுபோடறேன்” என்று சொன்னாள். ஐந்தாவது நிமிடம் பாதுகாப்பு அதிகாரி கேன்டீனுக்குள் நின்றார். பெயின்ட் ஷாப் மாரப்பன் பேச்சுக்கு, “ஒரு நாளைக்கு எல்லாரும் நம்மூட்டுக்குச் சாப்பிட வாங்க” என்று சொல்லிவைத்தார். காது தேதி குறித்துப் பதினேழு பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

அதிலிருந்து எல்லோரும் ஒரு பழக்கத்துக்கு வந்துவிட்டார்கள். காதுக்குத் தெரிய வேண்டாத பேச்சென்றால் உள்ளங்கையால் பேட்ஜை மூடிக்கொண்டு பேசுவார்கள். நன்றாக மூடினால் கேட்காது. தூத்துக்குடியில் இருந்து இரண்டு வருடத்துக்கு முன் வேலைக்கு வந்த எஞ்சினியர் நவநீதன் முதல் நாள் இதைப் பார்த்துவிட்டு, ‘இந்த ஊர்க்காரங்க ரொம்ப மரியாதைப்பட்டவங்க, நெஞ்சுல கைவெச்சுத்தான் பேசுதாங்க’ என்று அம்மாவுக்குச் செய்தி அனுப்பியிருந்தான்.

மேலாளர் ஆறுச்சாமி அந்த நவநீதனையும் அவனுடைய பயிலுநர் பூங்கொடியையும் அறைக்குக் கூப்பிட்டார்.

“பத்தாயிரம் வேலை நிலுவைங்குது. என்ன வேலை நிக்குது? போன மாசம் ஒரு லோடாவது லேட்டாப் போச்சா?”

“இல்ல சார்” என்றான் நவநீதன். “எல்லாம் நேரத்துக்குத்தான் போயிருக்கு.”

“அப்புறம் எதுங்க அந்தப் பத்தாயிரம்?”

நவநீதன் பூங்கொடியைப் பார்த்தான். “இனித்தானுங் பாக்கோணும் சார்” என்றாள் பூங்கொடி.

“மெஷினெல்லாம் ஓடட்டும்னு வரம்பை வெள்ளிக்கிழமை நாலு மணி வரைக்கும் தள்ளி வெச்சிருக்கேன்” என்றார் ஆறுச்சாமி. “நாலு மணிக்குத் தலைமை ஆபீஸ்ல இருந்து மூணு பேர் வர்றாங்க. பூங்கொடி, அன்னைக்குத்தான் உன்ற பயிற்சியும் முடியுது. தள்ளுவண்டிப் பாதையை நேர் பண்றதுதான உன்ற திட்டம்? அதை விடு. இதுதான் இனி உன்ற திட்டம். நிலுவை பூஜ்யத்துக்கு வரோணும். வந்தா இந்த ஆபீஸ் வேலை உனக்கு நிரந்தரம்.”

“வரலீன்னாங் சார்?”

அவர் முகம் இளகியது. நல்ல மனிதர். “வரலீன்னா என்னம்மா, குடியா முழுகிப்போச்சு? உன்ற பதினாலாம் மேசை சும்மாத்தான் கெடக்குது. ஒரு வருசமாக் காது அதுல ஒருத்தரையும் உக்கார வெக்க மாட்டேங்குது, என்ன காரணமோ. நீ திங்கட்கிழமையே போய்க் கம்பி சுத்தலாம்.”

ஆறுதலாகச் சொன்னார். பூங்கொடி வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. பதினேழு வருடம் பதினாலாம் மேசையில் ‘காயில்’ எனும் செம்புக்கம்பிச் சுருள் சுற்றியவள். போன வருடம் கம்பெனி ஒரு திட்டம் அறிவித்தது. வேலை எங்கே சுற்றுவழியாகப் போகிறது, எங்கே வீணாக நிற்கிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய வெளியாட்கள் எதற்கு? தொழிலாளர்களையே ஒரு வருடம் பயிற்றுவிக்கலாம். செயல்முறை மேம்பாட்டுப் பயிலுநர் என்று பெயர். நான்கு பேர் சேர்ந்தார்கள். வரைபடங்களைப் பார்த்து மிரண்டு மூன்று பேர் மூன்றே மாதத்தில் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். பூங்கொடி மட்டும் நின்றாள். அவளுக்கு அந்த வேலையில் ஆசை என்று எல்லோரும் சொன்னார்கள்.

அது பாதி உண்மை. மீதி உண்மை அவளுடைய வலது கையில் இருந்தது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போயிருந்தன. சூடான டம்ளரைப் பிடித்தால் சூடு தெரியாது. வைண்டிங்கில் விரல்தான் எல்லாம். விரலில் உணர்வு இல்லை என்று மருத்துவச் சோதனையில் தெரிந்தால் ‘தகுதியில்லை’ என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் அவளும் கல்லூரியில் படிக்கும் மகளும் மட்டும்தான். அவள் யாரிடமும் சொல்லவில்லை.

நவநீதனின் அறைச் சுவர் முழுக்க வண்ண வண்ணக் கட்டங்கள். பத்தாயிரத்தையும் அவன் பகுதிவாரியாகப் பிரித்தான். ஷிஃப்ட் வாரியாகப் பிரித்தான். மழைநாள், வெயில்நாள் என்றுகூடப் பிரித்தான்.

“எக்கா, ஒண்ணும் பிடிபடல. இதுவும் போய் இந்த லிஸ்ட்ல சேந்துரும்போல.”

அவன் காட்டிய லிஸ்ட் சுவரின் மூலையில் ஒட்டியிருந்தது. ‘காரணம் தெரியாதவை’ என்று தலைப்பு. அவனுக்கு விடை கிடைக்காத புதிர்களை அதில் எழுதிவைப்பான்.

“நம்பர் நாலு உங்க பக்கத்து மேசைதாம்க்கா. பதிமூணாம் மேசை, கமலவேணி. தெனமும் நாப்பத்திரண்டு காயில் சுத்துன ஆளு. நீங்க இங்க வாரதுக்கு முந்தின ஆறு மாசம் மட்டும் முப்பத்தாறுக்கு எறங்கிட்டாங்க. நீங்க வந்தப்புறம் மறுபடி நாப்பத்திரண்டு. உடம்பு சரியில்லையோ?”

“தெரியலீங் தம்பி சார்” என்றாள் பூங்கொடி. முதலில் அவனை ‘சார்’ என்றாள், அவன் கூசினான். ‘தம்பி’ என்றாள், ஆபீசில் சிரித்தார்கள். கடைசியில் இப்படி நின்றது.

கமலவேணியின் பெயர் வந்தாலே அவள் பேச்சை மாற்றிவிடுவாள். பதினேழு வருடம் ஒரே தூக்குப்போசியில் சாப்பிட்டவர்கள். இப்போது ஒரு வருடமாக எதிரே பார்த்தால் ஒருத்தி பீரோவைப் பார்ப்பாள், இன்னொருத்தி கூரையைப் பார்ப்பாள்.

அந்த ஆறு மாதத்தைப் பற்றி அவளிடமும் யாருக்கும் சொல்லாத புதிர் ஒன்று இருந்தது. சுற்றி முடித்த ஒவ்வொரு காயிலிலும் சுற்றியவரின் எண் போட்ட அட்டையைக் கட்டி, இரண்டு மேசைக்கும் நடுவில் இருக்கும் தட்டில் வைப்பார்கள். தட்டு நகரும்போது இயந்திரம் அட்டைகளைப் படித்து எதிரே போர்டில் எண்ணிக்கை காட்டும். விரல் மரத்த பிறகு முப்பதைத் தாண்டுவதே அவளுக்குப் பெரும்பாடு. ஆனால் போர்டு மட்டும் பதினாலாம் மேசைக்கு முப்பத்தாறு என்றே காட்டியது. இலக்கும் முப்பத்தாறுதான். போர்டு தப்பாக எண்ணுகிறது என்று நினைத்தாள். சொன்னால் மாட்டிக்கொள்வாள். வாயை மூடிக்கொண்டாள்.

“தம்பி சார், கட்டம் போட்டது போதும். அந்த நிலுவையெல்லாம் காதுல பேச்சாத்தான இருக்கும்? ரெண்டு மூணு போடுங், கேப்போம்.”

“பத்தாயிரத்தையா?”

“ஒரு பானை சோத்தையும் முழுங்கியா உப்புப் பாக்கறீங்?”

அவன் முதல் பதிவைப் போட்டான். லாரி சத்தம். ஓர் ஆண் குரல்: “அப்ப நான் போயிட்டு வர்றனுங்.”

இரண்டாவது. ஒரு பெண் குரல்: “சரிங்க்கா, போயிட்டு வர்றேன்.”

மூன்றாவது பதிவில் வேறு குரல், அதே வார்த்தை. நான்காவது, ஐந்தாவது எல்லாம் அதுவேதான். பூங்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

“என்னக்கா?”

“காது எந்த ஊருங்?”

“மெஷினுக்கு என்ன ஊரு? செஞ்சது வெளிநாட்டுல.”

“அதான். ‘வர்றேன்’னு சொன்னா வர்றேன்னு நெனச்சுருச்சு.”

நவநீதன் நெற்றியில் அடித்துக்கொண்டான். பிறகு மேசையில் தலையை வைத்துக்கொண்டான். மறுநாள் காலையில் அதே இடத்துக்கு வேலைக்குத் திரும்பியவர்களின் வாக்கைக் காது நிறைவேறியதாக எழுதிக்கொண்டது. ஒரே ஒரு தடவை வந்த லாரி டிரைவர், இன்டர்வியூவுக்கு வந்த பெண், பணி ஓய்வு பெற்ற மேஸ்திரி, வேலையை விட்டுப் போனவர்கள், இவர்களெல்லாம் வருவார்கள் என்று ஆறு வருடமாகக் காத்திருந்தது. சும்மாவும் காத்திருக்கவில்லை. கேன்டீனில் தினம் நாற்பது டீ அதிகமாகப் போடச் சொன்னது. பார்க்கிங்கில் எட்டு இடத்தைப் பிடித்து வைத்தது. முப்பத்தோரு லாக்கரைத் திறக்கவிடவில்லை.

“கண்டுபிடிச்சாச்சு” என்று எழுந்தான் நவநீதன். “இதெல்லாம் வாக்கு இல்லைன்னு சொல்லி மொத்தமா மூடிருவோம்.”

மூட முடியவில்லை. வாக்கைக் கேட்டவர் ஆளாளுக்குத் தன் வாயால் விடுவிக்க வேண்டும் என்று காது வைத்திருந்தது. அதற்கு ஒரு சொற்றொடரும் வைத்திருந்தது: ‘இனி வர வேண்டாம்’.

புதன்கிழமை காலை இருவரும் பட்டியலோடு கிளம்பினார்கள். வேலுச்சாமி பேரில் மட்டும் ஆயிரத்து நானூறு.

“ஒவ்வொரு லாரிக்காரர் பேரையும் நான் படிக்கேன் அண்ணாச்சி” என்றான் நவநீதன். “நீங்க ‘இனி வர வேண்டாம்’னு சொல்லுங்க. அவ்வளவுதான்.”

“வண்டி ஓட்டற மனுசனப் பாத்தா?” வேலுச்சாமி எழுந்தே விட்டார். “நல்லாயிருக்குதுங் நாயம். அந்த மனுசன் இப்ப எந்த ரோட்டுல போயிட்டு இருக்காரோ. நான் வர வேண்டாம்னு சொல்லி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா, நீங்க பதில் சொல்லுவீங்களா?”

“அவருக்குக் கேக்காது அண்ணாச்சி.”

“எனக்குக் கேக்குமல்லொ?”

சரசுவிடம் போனார்கள். ஓய்வு பெற்ற மேஸ்திரிகள் பன்னிரண்டு பேர் அவள் பேரில். “அறுபது வயசு ஆனவிங்கள வர வேண்டாம்னு சொல்றதா? அவிங்க நல்லா இருக்கோணும்” என்று கரண்டியைக் காட்டினாள். அந்த நாற்பது டீயையும் அவள் எதிரே இருக்கும் பள்ளிக்கூட வேன் டிரைவர்களுக்குக் கொடுத்து வந்தாள் என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது.

மதியம் ஆறுச்சாமியே கோபத்தோடு இறங்கி வந்தார். “ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன சடங்கு இது? என் பேர்ல எத்தனை? குடுங்க, நான் சொல்லிக் காட்டறேன்.”

ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நவநீதன் படித்தான். “கொடுத்தவர்: விருந்தினர், சஹானா. நாலு வருஷத்துக்கு முந்தி.”

ஆறுச்சாமி வாயைத் திறந்தார். மூடினார். மேசையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். “கல்யாணம் ஆகிக் கனடாவுக்குப் போறதுக்கு முந்தின நாள் ஆபீசுக்கு வந்துச்சு” என்றார். பிறகு, “இதுக்கு வேற வழி ஏதாச்சும் பாருங்க” என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

நாள் முழுக்க அலைந்து மூடியது ஒன்பது. அதற்குள் அன்றைய பேச்சுகள் சேர்ந்து நிலுவை பத்தாயிரத்து மூன்று ஆகியிருந்தது.

மாலை ஐந்தரைக்குப் பூங்கொடி கால் வலியோடு கேட்டைத் தாண்டினாள். “போயிட்டு வர்றனுங்ண்ணா” என்றாள், பழக்கத்தில்.

“போயிட்டு வாம்மா” என்றார் வேலுச்சாமி, ரிஜிஸ்டரில் இருந்து தலையைத் தூக்காமல்.

நாலு எட்டு வைத்தவள் நின்றாள். திரும்பி வந்தாள்.

“அண்ணா, இப்ப என்ன சொன்னீங்?”

“நான் ஒண்ணும் சொல்லலியேம்மா.”

“போயிட்டு வான்னு சொன்னீங்.”

“அதா? அது சொல்றதுதான.”

அவள் வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓடினாள். நவநீதன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

“தம்பி சார், கழட்டுங். ‘வர்றேன்’ங்கறது பாதிதானுங். மீதி பாதி எதிராளி வாயில இருக்குது. அவரு ‘போயிட்டு வாங்க’ன்னு சொல்லிட்டாருன்னா பேச்சு முடிஞ்சுது. வர வேண்டாம்னு யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதே இல்ல.”

“அப்போ அவங்க திரும்பி வரலைன்னா?”

“வரலீன்னாலும் வழியனுப்பியாச்சுங்களே. கதவச் சாத்தியாச்சு. தாப்பாள்தான் போடல.”

நவநீதன் ஹெல்மெட்டைக் கழற்றினான். “எக்கா, ஒரு வருஷமா நான் உங்களுக்குப் பாடம் எடுத்ததா நெனச்சிட்டு இருந்தேன்.”

“எடுத்தீங்கல்லொ. ஒரு வேலை எங்க முடியுதுன்னு பாருங்கன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்.”

வியாழக்கிழமை காலை புது விதியைக் காதுக்குள் ஏற்றினார்கள். ‘போயிட்டு வரேன்’ என்பதற்குப் ‘போயிட்டு வா’ என்று பதில் வந்திருந்தால் அந்த வாக்கு முடிந்தது. ஊருக்கு ஊர் மாறும் உச்சரிப்பையெல்லாம் நவநீதன் தன் தூத்துக்குடி ‘வாரேன்’ உட்படச் சேர்த்தான். திரையில் எண் சரிய ஆரம்பித்தது. ஒன்பதாயிரம், ஆறாயிரம், இரண்டாயிரம். வைண்டிங் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அறுபத்தொன்றில் வந்து நின்றது.

ஆறுச்சாமி மெல்ல வந்து, “என் பொண்ணு?” என்று கேட்டார்.

“முடிஞ்சிருச்சு சார்” என்றாள் பூங்கொடி. “‘போயிட்டு வா கண்ணு’ன்னு அன்னைக்கே சொல்லியிருக்கீங். கேக்கறீங்களா?”

“வேண்டாம், வேண்டாம்” என்றவர், கொஞ்ச நேரம் கழித்து ஆளில்லாதபோது வந்து கேட்டுவிட்டுப் போனார்.

அந்த அறுபத்தொன்றும் பதில் கிடைக்காத ‘வர்றேன்’கள். வாயில் வடை இருந்ததால் தலையை மட்டும் ஆட்டியவர்கள். போன் பேசிக்கொண்டே கையைக் காட்டியவர்கள். தலையாட்டலும் கையும் காதுக்குத் தெரியாது. இந்தத் தடவை கூப்பிட்டதும் வந்தார்கள். சொல்ல வேண்டிய வார்த்தை நல்ல வார்த்தையாயிற்றே. மாரப்பன் பேட்ஜை வாயருகே தூக்கிப் பிடித்து, “போயிட்டு வாங்க மேஸ்திரி, ரெண்டு வருசம் லேட்டாயிருச்சு, மனசுல வெச்சுக்காதீங்க” என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் நிலுவை ஒன்று.

நவநீதன் அந்த ஒன்றைத் திறந்தான். படித்தான். திரும்பிப் பார்த்தான்.

“எக்கா. கொடுத்தவர்: பூங்கொடி, மேசை பதினாலு. கேட்டவர்: கமலவேணி, மேசை பதிமூணு. பதில் இல்லை. ஒரு வருஷம் ஆச்சு. அதான் காது அந்த மேசைல வேற யாரையும் உக்கார விடல. நீங்க திரும்பி வருவீங்கன்னு வெச்சிருக்கு.”

பூங்கொடிக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. “ஆபீஸ் வேலைன்னா எனக்கு ரொம்ப நாள் ஆசை கமலா, அதான்” என்று சொன்னாள். “போயிட்டு வர்றேன்” என்றாள். கமலவேணி கம்பியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் பூங்கொடி நடந்துவிட்டாள்.

“ஒரே ஒரு வரிதாம்க்கா” என்று நவநீதன் பேட்ஜைப் பொத்திக்கொண்டு ரகசியமாகச் சொன்னான். “நான் கையாலயே அழிச்சிருதேன். யாருக்குத் தெரியப்போவுது?”

பூங்கொடி யோசித்தாள். மணி இரண்டே முக்கால்.

“வேண்டாமுங். எனக்கு அவ பதில் வேணும்.”

வைண்டிங் பகுதியில் அறுபது பேர் வேலை செய்யும் சத்தம். பதிமூன்றாம் மேசையில் கமலவேணி கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள். கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருந்தது. பக்கத்தில் பதினாலாம் மேசை துடைத்து வைத்தது போல் இருந்தது. ஒரு வருடத் தூசி அதில் இல்லை. யாரோ தினமும் துடைத்திருக்கிறார்கள்.

“கமலா.”

“வேலை நேரம்.”

“ஒரே ஒரு வார்த்தைதான். எல்லாரும் சொல்லிட்டாங்க.”

“உங்க ஆபீசுக்கு என்ற வார்த்தை வேணும்னா ஃபாரம் அடிச்சு அனுப்புங்க மேடம். கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

“மேடமா?”

“பின்ன, ஏசி ரூம்ல உக்கார்றவிங்கள வேற எப்படிக் கூப்புடறதாம்?” கமலவேணி காயிலைத் திருப்பினாள். “நீதான் வர்றேன்னு சொல்லிட்டுப் போன. வா. மேசை இருக்குது. உக்காரு. சுத்து.”

“இன்னைக்கு நாலு மணிக்கு இது பூஜ்யம் ஆகலீன்னா நான் இங்கதான் வரோணும் கமலா.”

“வா. நல்லதாப் போச்சு. பதினேழு வருசம் சுத்துனவதான? சுத்த மாட்டியா?”

பூங்கொடி தன் வலது கையைப் பார்த்தாள். கமலவேணி முதன்முறையாகக் கையை நிறுத்தினாள். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“சரி. சொல்றேன். அதுக்கு முன்னாடி நீ ஒண்ணு சொல்லு. நெஞ்சுல கைவெச்சுச் சொல்லு. எதுக்குப் போன?”

அந்தத் தொழிற்சாலையில் அந்த வார்த்தைக்கு இரண்டு அர்த்தம். பூங்கொடி வலது கையைத் தூக்கிப் பேட்ஜின் மேல் வைத்தாள். சரியாக மூடியிருக்கிறதா என்று விரல்களுக்குத் தெரியவில்லை. குனிந்து கண்ணால் பார்த்து, இடது கையால் விரல்களை நகர்த்தி மூடினாள்.

கமலவேணி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பேட்ஜையும் மூடிக்கொண்டாள்.

“விரல் மரத்துப்போச்சு கமலா. மூணு விரலு. கம்பி கையில இருக்குதா இல்லையான்னே தெரியாது. டாக்டர்கிட்டப் போனா எழுதி அனுப்பிருவாங்கன்னு பயந்துட்டேன். ஆசையும் இல்ல, ஒண்ணும் இல்ல, தப்பிச்சுத்தான் போனேன். போனப்புறந்தான் அந்த வேலை புடிச்சுது.”

“எத்தன நாளா?”

“போறதுக்கு ஆறு மாசம் முன்னாடி இருந்து. முப்பதுதான் முடியும். போர்டு என்னவோ முப்பத்தாறுன்னே காட்டுச்சு. அது தப்பா எண்ணுதுன்னு தெரிஞ்சும் வாய மூடிட்டு இருந்தேன். அதையும் உங்கிட்டச் சொல்லல. ஊருக்கெல்லாம் பொய் சொல்லலாம், உங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாது.”

“அதைச் சொல்றதுக்கு ஒரு வருசம் ஆச்சு உனக்கு.”

“ஆமா.”

கமலவேணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பேட்ஜில் இருந்து கையை எடுத்தாள். காதுக்கு நன்றாகக் கேட்கும்படி, பந்தியில் ஆளைக் கூப்பிடும் குரலில் சொன்னாள்.

“போயிட்டு வா புள்ள.”

சுவரில் இருந்த திரை ஒருமுறை சிமிட்டியது. சிவப்பு போய்ப் பச்சை வந்தது. பூஜ்யம். அந்தக் கோடியில் இருந்து நவநீதன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தான். பின்னால் ஆறுச்சாமி, ஓடாதது போல வேகமாக நடந்து வந்தார். பதினாலாம் மேசைக்கு மேலே ஒரு வருடமாக அணைந்திருந்த விளக்கு எரிந்தது. திங்கட்கிழமை அங்கே உட்காரப் போகும் யாரோ ஒரு பெண்ணின் பெயரைக் காது எழுதத் தொடங்கியது.

அவர்கள் வந்து சேர்வதற்குள் கமலவேணி செம்புத்தூள் படிந்த உள்ளங்கையால் மறுபடி பேட்ஜைப் பொத்திக்கொண்டாள். பூங்கொடியின் காதருகே குனிந்தாள்.

“போர்டு தப்பா எண்ணல. ஆறு மாசமா நான் சுத்துன காயில்ல உன்ற அட்டையக் கட்டுனது நாந்தான்.”